பால் என்றால் தேங்காய்ப்பால்: கொழும்பில் தாவர உணவுக்கு மாறுவோருக்கு ஒரு சமையல் வழிகாட்டி

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய நான்கையும் விட்டுத் தாவர உணவுக்கு மாற முடிவெடுத்த ஒருவர் முதலில் செய்யும் காரியம் பெரும்பாலும் கைபேசியை எடுத்து 'வீகன் சமையல்' என்று தேடுவதுதான். அங்கே வந்து நிற்பவை பாதாம் பாலில் ஊறிய ஓட்ஸ், மரமுந்திரிகையில் செய்த சீஸ், கேல் என்னும் கீரை, புளூபெரிப் பழம் முதலியவை. அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு காலி வீதியிலுள்ள ஏதாவதொரு சுப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பாதிப் பொருள் கிடைக்காது. கிடைக்கும் மீதிப் பாதியின் விலையைப் பார்த்ததும், இது வசதி படைத்தவர்களின் உணவு என்ற முடிவோடு வெறும் பையுடன் வீடு திரும்ப நேரிடும். நானும் அப்படித் திரும்பியவன்தான். அன்றிரவு வீட்டில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். தட்டில் இருந்த அத்தனையும் தாவர உணவு என்பது சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் உறைத்தது.

ஆகவே இந்த வழிகாட்டி புதிய சமையலைத் தேடுவதிலிருந்து தொடங்கவில்லை. இலங்கைத் தமிழ்ச் சமையலில் அடைமொழி எதுவுமின்றிப் 'பால்' என்றால் அது தேங்காய்ப்பால். பால்கறி, பாலப்பம், சிங்கள அயலவர் புத்தாண்டுக்குக் கொண்டுவந்து தரும் கிரிபத் என்னும் பாற்சோறு ஆகிய எதிலும் வழக்கமாகப் பசுப்பால் சேர்வதில்லை. மாட்டுப்பாலும் வெண்ணெயும் சேர்த்தே குழம்பைத் தடிப்பாக்கும் நாடுகளில் வாழ்வோர் கடக்க வேண்டிய தூரத்தில் பெரும்பகுதியை, நம்முடைய அம்மம்மாமார் தேங்காய் திருவியே கடந்துவிட்டனர். எஞ்சிய தூரத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. 'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. தமிழில் இதனை நனிசைவம் என்று சிலர் வழங்குகின்றனர். நாம் வழக்கமாகச் சொல்லும் 'சைவம்' இதுவன்று. சைவத்தில் பால், தயிர், மோர், நெய் ஆகியவற்றுக்கு இடமுண்டு, இதில் இல்லை. சைவக் குடும்பத்தில் பிறந்தவர் 'எனக்கு இது புதிதல்ல' என்று எண்ணி இறங்கி, தேநீரிலும் தயிரிலும் வந்து தடுக்கி விழுவதையும், மீன் இல்லாமல் சோறு இறங்காது என்றிருந்தவர் அவரைவிட இலகுவாக மாறிவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

முதற்படி: ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதுங்கள்

உணவில் எந்த மாற்றமும் செய்யாமல், ஏழு நாள்களுக்கு வீட்டில் உண்ட ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். சோறும் கறியும் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அன்றைய கறி ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். கிழமை முடிந்ததும், விலங்கிலிருந்து வந்த பொருள் எதுவும் சேராதவற்றின் கீழ்க் கோடிடுங்கள். சாதாரணமான ஒரு கொழும்புத் தமிழ் வீட்டில் பருப்புக் கறி, போஞ்சிப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, கோவா வறை, பீற்றூட் கறி, கீரைக் கடையல், பிட்டு, தேங்காய்ச் சம்பல் என்று ஏழெட்டுப் பெயர்களாவது கோட்டின் மேல் நிற்கும். மத்தியானச் சாப்பாட்டில் நான்கு கறி இருந்தால், மூன்று ஏற்கெனவே தாவர உணவாக இருக்கும்.

கோடிடாத வரிகளே உங்களுடைய உண்மையான வேலைப்பட்டியல். அது பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவும், எதிர்பாராத இடத்திலும் இருக்கும். என் கொப்பியில் மீன் நான்கு தடவைதான் வந்திருந்தது. பால்தேநீரோ இருபத்தொரு தடவை.

இரண்டாம் படி: விரதச் சமையலைக் கேட்டறியுங்கள்

புதிய யோசனைகளுக்குக் கொழும்பில் கிடைக்கும் மிகப் பெரிய களஞ்சியம் விரதச் சமையல். வெள்ளிக்கிழமை, ஆடி அமாவாசை, புரட்டாதிச் சனி, கேதாரகௌரி விரதம், கந்தசஷ்டி முடிந்து பாறணை என்று ஆண்டில் எத்தனையோ நாள்கள் நம் வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அந்த நாள்களுக்கென்றே பழகிவந்த கறிகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றன. ஆனால் அவை எழுதிவைக்கப்படாமல், பெரியவர்களின் கைப்பழக்கத்திலும் நினைவிலும் மட்டுமே வாழ்கின்றன.

கேட்கும் முறை முக்கியமானது. "அம்மா, தாவர உணவு என்னென்ன தெரியும்?" என்று கேட்டால் விடை கிடைக்காது; அது அவர்களுடைய சொல்லன்று. "கந்தசஷ்டிப் பாறணைக்கு அம்மம்மா என்னென்ன கறி வைப்பா? முதல் என்ன அடுப்பில ஏறும்?" என்று நாளையும் ஆளையும் சேர்த்துக் கேளுங்கள், அரை மணித்தியாலத்துக்குக் கதை ஓயாது. வாழைக்காய்ப் பொரித்த குழம்பு, மாங்காய்ச் சொதி, முருங்கையிலை வறை, பூசணிக்காயும் பயறும் சேர்த்த கறி, பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் சேர்த்த குழம்பு, இராசவள்ளிக்கிழங்குக் களி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் சொன்ன களி, கிழங்கை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் இனிப்பு. பசுப்பாலின் குறையே தெரியாது.

இதில் இரண்டு எச்சரிக்கைகளை மனதில் வைத்திருங்கள். விரதச் சமையலில் நெய்யும் தயிரும் தாராளமாக வரும். சர்க்கரைப் பொங்கலுக்குச் சில வீடுகளில் பசுப்பாலும் தேங்காய்ப்பாலும் இரண்டுமே விடுவார்கள். மோர்மிளகாயைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது மோரில் ஊறிக் காய்ந்தது என்பதால் இந்த உணவுமுறைக்குள் வராது. அதுபோலவே, வாழைப்பூ கறுக்காமலிருக்க நறுக்கியவுடன் மோர்த் தண்ணீரில் போடச் சொல்வார்கள். அதற்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீர் போதும்.

மூன்றாம் படி: குழம்பை வைத்துக்கொண்டு உள்ளே போடுவதை மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதனை வாசியுங்கள். மீன் குழம்பு, இறைச்சிக் கறி என்று நாம் பெயர் சொல்லி விரும்புகிற சுவையில் பெரும்பங்கு மீனுடையதோ இறைச்சியுடையதோ அன்று. வறுத்து இடித்த கறித்தூள், பழப்புளி, வெந்தயம், உள்ளி, சின்ன வெங்காயம், தாளித்த பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, முடிவில் விடுகிற முதற்பால் ஆகியவையே அந்தச் சுவையின் பெரும்பகுதியைத் தருகின்றன. ஆகவே உங்கள் வீட்டுக் குழம்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் போடுகிற பொருளை மட்டும் மாற்றிப் பழகினால், ஒரு குழம்பிலிருந்து ஐந்தாறு கறிகள் கிடைக்கும்.

மீன் குழம்பை எடுத்துக்கொள்வோம். புளிப்பும் உறைப்பும் தூக்கலாக நிற்கும் இந்தக் குழம்புக்கு, சாற்றை உள்ளிழுத்து வைத்திருக்கக்கூடிய காய் வேண்டும். நீளவாக்கில் வெட்டிப் பொரித்த கத்தரிக்காய், முருங்கைக்காய், தோல் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டெடுத்த வாழைக்காய், பொரித்த பாகற்காய், அவித்த பலாக்கொட்டை ஆகியவை பொருந்தும். கோவாவும் லீக்ஸும் பொருந்தா; அவை தண்ணீரை விட்டுக் குழம்பின் காரத்தைக் கெடுத்துவிடும். கருவாட்டின் உப்புச் சுவையை நாக்குத் தேடினால், கத்தரிக்காயை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த வற்றலைப் பொரித்து அதே குழம்பில் போட்டுப் பாருங்கள். கருவாடு என்று எவரும் ஏமாறப்போவதில்லை. ஆனால் சோறு இறங்கும்.

இறைச்சிக் கறிக்கு இணை பலாப்பிஞ்சு. சிங்களத்தில் பொலொஸ் என்று வழங்கும் இதற்கு, வெட்டும்போது கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் விடாது. பெரிய துண்டுகளாக வெட்டி, வறுத்த தூள், கறுவா, ஏலம், ரம்பை இலை சேர்த்து, முதலில் கப்பிப்பால் என்னும் தண்ணீர்ப்பாலில் மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலமாவது அவியவிட்டு, நார்நாராகப் பிரியும் பதத்தில் முதற்பால் விட்டு வற்றவிட வேண்டும். அவசரத்துக்குப் பிரஷர் குக்கரில் வைக்கலாம், ஆனால் அந்த நிறமும் மணமும் வரா. முற்றிய பலாக்காயில் சுளையும் கொட்டையும் தனித்தனிக் கறியாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நட வேண்டுமென்று இயக்கம் நடத்தி, 'கொஸ் மாமா' என்றே பெயர் பெற்ற ஆதர் வி. டயஸ் என்பவரை இந்த இடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. 'கொஸ்' என்பது பலாவுக்குச் சிங்களப் பெயர். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் பசி தீர்த்த மரம் அது.

சோயாமீட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அது மலிவு, எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும், புரதமும் மிகுதி. ஆனால் பெட்டியோடு வரும் சுவைத்தூள் எதனால் ஆனது என்பதைச் சுற்றுத்தாளில் வாசித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சுவை சேர்க்காத வெறும் சோயாவை வாங்கி நம் தூளைச் சேர்ப்பதே பாதுகாப்பு. உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு மூன்று தடவை நன்றாகப் பிழிந்து, பிறகு தூளும் புளியும் புரட்டி ஊறவைத்தால்தான் சோயா மணம் போகும். பலரும் இந்தப் பிழிதலைச் செய்யாமல் விட்டுவிட்டு, சோயாவைக் குறை சொல்கின்றனர்.

முட்டைக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. முட்டைக் குழம்பில் முட்டைக்குப் பதிலாக உருளைக்கிழங்கோ பலாக்கொட்டையோ போடலாம். காலைப் பொரியலுக்குக் கடலைமாவைக் கரைத்து வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்துத் தோசைக்கல்லில் ஊற்றலாம்.

சொதியை மட்டும் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே சொதி ஏழு நாளுக்கு ஏழு சொதியாகும். வெந்தயமும் உள்ளியும், தக்காளி, மாங்காய், முருங்கையிலை, அகத்தியிலை, வாழைத்தண்டு, அவித்து மசித்த உருளைக்கிழங்கு என்று உள்ளே போடுவது மாறினாலும் முறை மாறாது: கப்பிப்பாலில் காய் வெந்ததும் முதற்பால் விட்டு, நுரை கட்டி வரும்போதே இறக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். மீனை எடுத்துவிட்டுக் கத்தரிக்காயைப் போட்டால் சுவை நிற்கும், புரதம் போய்விடும். ஆகவே குழம்பில் மீனோ இறைச்சியோ நின்ற இடத்துக்குக் காய் வரும் நாளில், தட்டில் வேறெங்காவது ஒரு பருப்போ பயறோ வந்தாக வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சமைக்காத மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி ஆகிய மூன்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. உலர்ந்த சோயாமீட்டில் அதைப்போல இரு மடங்கு. காலையில் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், மத்தியானம் பருப்புக் கறி, மாலையில் கடலைச் சுண்டல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெருமளவு தீர்ந்துவிடும். சோற்றிலும் குரக்கனிலும் உள்ள புரதம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

நான்காம் படி: கறியைத் தீர்மானித்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்

சமையற்குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு அதற்குரிய காயைத் தேடி அலைவது தாவர உணவில் விலை கூடிய பழக்கம். சந்தையில் அன்று மலிந்திருப்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் அதற்கேற்ற கறியைத் தேடுவதே நடைமுறை. வெள்ளவத்தைச் சந்தை, நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம், புறக்கோட்டை நடைபாதைக் கடைகள் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றுக்குக் கிழமைக்கு ஒரு தடவை போய்வந்தாலே போதும். மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் அயலவர் இருந்தால், 2020இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிய மெனிங் சந்தைக்குப் போகலாம்; தனி ஆளுக்கு அது வீண் அலைச்சல். பருப்பு வகைகளையும் பயறு, கடலை, உளுந்து ஆகியவற்றையும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கிலோக் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கொழும்புச் சந்தையில் பல காய்களும் கீரைகளும் சிங்களப் பெயரிலேயே விற்கப்படுவதால், அப்பெயர்களை அறிந்துகொள்வது புதிய சமையலின் கதவைத் திறந்துவிடும். ஈரப்பலாக்காய்க்குத் தெல், வாழைப்பூவுக்குக் கெசெல்முவ, கறிவாழைக்காய்க்கு அளுகெசெல், பீர்க்கங்காய்க்கு வெட்டகொலு, புடலங்காய்க்குப் பத்தோல, தாமரைக்கிழங்குக்கு நெலும் அல, வல்லாரைக்குக் கொட்டுகொல, பொன்னாங்காணிக்கு முகுணுவென்ன, அகத்திக்குக் கத்துருமுருங்கா என்று வழங்குவர். தம்பலா என்றால் முளைக்கீரை. தம்பல என்றால் சிறகவரை. தமிழில் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், சிங்களத்தில் முதலெழுத்தே வேறு. சிறகவரை கேட்டுக் கீரையோடு வீட்டுக்கு வந்த அனுபவம் எனக்குண்டு.

இந்தப் பெயர்களால் இன்னொரு பயனும் உண்டு. தெரியாத ஒரு காயைக் கையில் எடுத்து, விற்பவரிடமே, "அக்கே, இதை எப்படிச் சமைப்பீங்க?" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் தமிழில் சொல்வார். தெரியாதவர் கையாலும் கண்ணாலும் விளக்குவார். தாமரைக்கிழங்கை வட்டமாக வெட்டித் தேங்காய்ப்பாலில் வைக்கலாம் என்பதையும், சிறகவரையை மெல்லியதாக அரிந்து மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு நெருப்பில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்கலாம் என்பதையும் நான் அறிந்துகொண்டது இப்படித்தான். கீரையை அரிந்து தேங்காய்ப்பூவோடு இலேசாகச் சுண்டவைக்கும் சிங்கள மல்லுமும் நம் வறையும் உடன்பிறந்தவை. ஒன்றைச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றது ஐந்து நிமிடப் பாடம்.

ஐந்தாம் படி: வெளியில் சாப்பிட்டுப் பழகுங்கள், ஆனால் மாசியைக் கேளுங்கள்

பிறர் கையால் சமைத்ததைச் சாப்பிடும்போதுதான் நம் சமையல் விரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலுள்ள சைவக் கடைகளில் தோசை, இட்டலி, உளுந்து வடை, சாம்பார் ஆகியவை பெரும்பாலும் நம் எல்லைக்குள் இருக்கும். நெய்யை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: "அண்ணை, நெய் வேண்டாம், எண்ணெயில ஊத்துங்கோ." சட்னியில் தயிர் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தரமுல்லையில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் 'ஹெல போஜுன்' உணவகம் கற்றுக்கொள்ள நல்ல இடம். குரக்கன் றொட்டி, இலைக்கஞ்சி போன்றவற்றை நம் கண் முன்னாலேயே செய்து தருகின்றனர். மாவின் பதத்தையும் நெருப்பின் அளவையும் பார்த்தே மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

கொழும்பில் தாவர உணவு உண்பவருக்கு மறைந்திருந்து இடர் தருவது இறைச்சியன்று, மாசி. சிங்களத்தில் உம்பலகட எனப்படும் இந்த உலர்ந்த மீன், தூளாகவோ சீவலாகவோ தேங்காய்ச் சம்பலிலும் லுணுமிரிஸிலும் மல்லுமிலும் சேர்கிறது. சில இடங்களில் பருப்புக் கறியில்கூடச் சேர்ப்பார்கள். 'எளவலு' என்ற பெயரில் மரக்கறிச் சோற்றுப் பார்சல் வாங்கினாலும் சம்பலில் அது இருக்கக்கூடும். "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றே விடை வரும், அவர் பொய் சொல்லவில்லை, மாசியை அவர் மீனாக எண்ணுவதில்லை, சுவைப்பொருளாகவே எண்ணுகிறார். எனவே "உம்பலகட தாலாத?" என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பால் விடயத்தில், "பொல்கிரித, எளகிரித?" என்ற கேள்வி தேங்காய்ப்பாலா பசுப்பாலா என்பதைத் தெளிவாக்கிவிடும்.

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியைக் குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை: றோல்ஸ், கட்லட் ஆகியவற்றில் முட்டை, பணிஸின் மேற்பூச்சில் முட்டை அல்லது பால், மாஜரினில் சில வேளை பாற்பொருள். சாதாரண பாணும் உருளைக்கிழங்கு வைத்த மரக்கறி றொட்டியும் கேட்டு வாங்கத் தக்கவை. இந்தியாவிலிருந்து வரும் பொதிகளிலுள்ள பச்சைப் புள்ளியை நம்பி ஏமாற வேண்டாம். அது சைவம் என்பதற்கான குறி, பாலும் நெய்யும் அதற்குள் அடங்கும்.

ஆறாம் படி: இனித் தேடலாம்

இவ்வளவும் செய்தபின் நூல்களையும் காணொளிகளையும் நாடினால் பயன் மிகும். தேடும்போது 'வீகன்' என்ற சொல்லை விட்டுவிட்டு, கையிலிருக்கும் காயின் பெயரையும் சமைக்கும் முறையின் பெயரையும் இணைத்துத் தேடுங்கள்: 'ஈரப்பலாக்காய்ப் பால்கறி', 'வாழைப்பூ வறை', 'குரக்கன் பிட்டு'. அதே காயின் சிங்களப் பெயரைச் சிங்கள எழுத்தில் தேடினால் முற்றிலும் வேறு கறிகள் வரும். மொழி விளங்காவிட்டாலும் காணொளியில் கை செய்வதைப் பார்த்தால் போதும். கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரி, கடுகு, சர்க்கரை சேர்க்கும் வம்பட்டு மோஜுவையும், ஊறவைத்த கஜுவைத் தேங்காய்ப்பாலில் வைக்கும் கறியையும் நான் இவ்வாறே பழகினேன். தமிழ்நாட்டுச் சமையற்குறிப்புகளும் உதவும், ஆயினும் அங்கே குருமாவிலும் கூட்டிலும் தயிரோ பாலோ வருமிடத்தில் நாம் தேங்காய்ப்பாலை விட வேண்டியிருக்கும். பெரும்பாலும் சுவை கூடுமேயன்றிக் குறையாது.

நூல் விரும்புவோருக்கு, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது; 1925 முதல் இயங்கும் கொழும்புப் பொது நூலகத்தில் மும்மொழி நூல்களையும் பார்க்கலாம். பழைய சமையல் நூல்களைப் புரட்டும்போது 'வீகன்' பகுதியைத் தேடாதீர்கள். மரக்கறி, கீரை, கிழங்கு, பருப்பு ஆகிய அத்தியாயங்களிலிருந்து நேராகப் பிரதி எடுக்கலாம்.

ஒரு குறிப்பு பயன்படுமா என்பதைச் சமைக்காமலே அறிய எனக்கொரு சோதனை உண்டு. அதிலுள்ள பொருள்களில் இரண்டுக்கு மேல் என் வீட்டில் இல்லாதவையாக இருந்தால் அதனைத் தள்ளிவைத்துவிடுவேன். முதல் மூன்று மாதங்களுக்கு இந்த விதியைக் கடுமையாகவே பின்பற்றுங்கள். பிறகு டோஃபுவும் காளானும் வாங்கி விளையாட நேரமிருக்கிறது.

தேநீரும் வைட்டமின் பி12உம்

சமையலில் வெற்றி பெற்ற பலர் தேநீரில் தோற்கின்றனர். 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற ஊர் இது. அந்தத் தட்டுப்பாட்டில் பிளேன்டீக்குப் பழகிய வீடுகள் அதை நினைவுபடுத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். பால்தேநீர்தான் வேண்டுமென்றால் சோயாப்பால் கிடைக்கிறது. அதனைக் கொதிக்கும் தேநீரில் ஊற்றாமல், சற்று ஆறவிட்டுச் சேர்த்தால் திரையாது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதை இவ்வுணவுமுறையில் குறைத்துக்கொள்வது நல்லது; கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கிறது. அதே கீரையின் மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் ஏற்பது கூடுகிறது. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியும் வழக்கம் சுவையோடு இந்தப் பயனையும் தருகிறது.

பால் நிறுத்தியபின் கல்சியத்துக்குக் குரக்கன், எள்ளு, கீரை ஆகியவற்றை நாடலாம். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. பிட்டாகவோ கூழாகவோ கிழமையில் மூன்று தடவையாவது வரட்டும். இடைப்பட்ட நேரத்துக்கு எள்ளுருண்டை.

ஆனால் எந்தக் கீரையாலும் எந்தக் கிழங்காலும் ஈடுசெய்ய முடியாத ஒன்று வைட்டமின் பி12. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் அது கிடைப்பதில்லை. பெரியவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம் என்னும் மிகச் சிறிய அளவுதான் என்றாலும், குறைந்தால் இரத்தமும் நரம்புகளும் பாதிக்கப்படும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று ஓராண்டு முடிவில் சொல்வது இதனால் ஆதாரமாகாது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே எடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளுக்கு இவ்வுணவைக் கொடுக்க விரும்பும் பெற்றோரும், மருத்துவரிடமோ தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பேசாமல் தொடங்கக் கூடாது.

கொப்பிக்குத் திரும்புவோம்

முதற்படியில் தொடங்கிய கொப்பியின் பின்பக்கத்திலிருந்து சமையற்குறிப்புகளை எழுதி வாருங்கள். ஒரு வீடு மாதம் முழுவதும் சுழற்றிச் சமைப்பது பன்னிரண்டு, பதினைந்து கறிகளைத்தான். அதற்கு மேல் உங்களுக்கும் தேவைப்படாது. ஒவ்வொரு கறிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடம் கேட்டது, எந்தக் குழம்பில் எந்தக் காய், உறைப்பு எவ்வளவு, வீட்டில் யார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், யார் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார் என்பவற்றைக் குறியுங்கள். காய் வாங்கிய மாதத்தையும் விலையையும் பக்கத்தின் மூலையில் எழுத மறக்க வேண்டாம். ஈரப்பலாவும் பலாப்பிஞ்சும் மாங்காயும் எந்த மாதத்தில் மலிவாகும் என்பது ஆண்டு முடிவில் அந்த மூலைகளிலிருந்தே தெரிந்துவிடும்; அடுத்த ஆண்டு அதே மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம்.